சியாமளா அக்கா சூரியனை வடக்கே வைக்கவில்லை

அன்று காலை முதலில் என் கண்ணில் பட்டது, கோப்பில் பச்சைக் கோடு இல்லாததுதான். எங்கள் அறையில் மூன்று பேரும் ஒரே கோப்பில் எழுதுவோம். யார் எந்த வரியில் நிற்கிறார் என்பதைக் காட்ட ஆளுக்கொரு நிறத்தில் ஒரு சிறு கோடு திரையில் துடித்துக்கொண்டிருக்கும். செந்தில் சாருக்கு நீலம், எனக்கு மஞ்சள், சியாமளா அக்காவுக்குப் பச்சை. நான் ஆக்லாந்தின் தெற்கு ஓரத்துத் தகனினியில் ரயில் ஏறி, வழியில் ஒருமுறை மாறி, ஒனிஹங்காவில் இறங்கி எங்கள் அறைக்கு மாடிப்படி ஏறும்போது எட்டு மணி ஆகிவிடும். அதற்குள் பச்சைக் கோடு பாதிப் பக்கம் இறங்கியிருக்கும். அன்று பக்கம் வெள்ளையாக இருந்தது. அக்காவுக்குச் சளி பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு காற்றாலை எண்களைச் சரிபார்க்கத் தொடங்கினேன்.

செந்தில் சார் உள்ளே வந்தவர் தோள்பையை இறக்காமலே நின்றார். "பவித்ரா, சியாமளாக்கா நேத்து சாயங்காலம் போயிட்டாங்கம்மா. ஹார்ட். ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு," என்றார். பிறகு பையை இறக்கிவைத்து, "மூணு மணிக்குக் குறிப்பு போகணும். அனுப்பலன்னா அக்கா திட்டுவாங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அன்றும் குறிப்பு போனது. அதில் இரண்டு பிழைகள் இருந்தன.

இதைப் படிக்கும் ஆக்லாந்துத் தமிழர்களே, உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். லின்ஃபீல்டில் அவர் வீட்டுக்குப் போனவர்கள் சாப்பிடாமல் திரும்பியிருக்க மாட்டீர்கள். ஆனால் அவர் என்ன வேலை செய்தார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. யாராவது கேட்டால், "கரண்டுக்குச் சாத்திரம் பாக்கிறன்," என்று ஜோசியக்காரி மாதிரிச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவாராம். அதனால் அதை நான் சொல்கிறேன்.

பின்லாந்தில் வீடுகளுக்கு மின்சாரம் விற்கும் ஒரு சிறிய நிறுவனம் இருக்கிறது. அந்த நாட்டில் பல வீடுகளுக்கு மின்சாரத்தின் விலை மணிக்கு மணி மாறும். நாளைய விலை இன்று மதியமே சந்தையில் முடிவாகிவிடும். அதன் பிறகு அங்குள்ளவர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவார்கள். அவர்கள் தூங்கும் நேரம் நமக்குப் பகல். அந்தப் பகலில் நாங்கள் விலையையும் வானிலையையும் அணு உலைகளின் நிலைமையையும் பார்த்து, இன்று எந்த மணிக்கு என்ன நடக்கும், ஏன் நடக்கும் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கக் குறிப்பு எழுதுவோம். அங்கே காலை ஆறு மணி ஆகும் முன் அது போய்ச் சேர வேண்டும். நமக்குக் குளிர்காலமானால் அது பிற்பகல் மூன்று மணி, கோடையானால் ஐந்து. ஆண்டுக்கு ஒருமுறை, வரும் ஆண்டுகளில் அந்த நாட்டின் மின்சந்தை எப்படிப் போகும் என்று ஒரு நீண்ட அறிக்கையும் எழுதுவோம். எழுதுவது அக்கா. கணக்கிடுவது செந்தில் சார். இரண்டையும் ஒப்பிட்டுப் பிழை பார்ப்பது நான். அந்த ஒரு நிறுவனத்தை நம்பித்தான் எங்கள் அறை நடக்கிறது.

நான் பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டேன். வகுப்பில் எழுந்து பேசச் சொல்லும் நாட்களில் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். உண்மையான காய்ச்சல். செந்தில் சார் எங்கள் தெருக்காரர். இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்க்க, பேசாமல் இருக்கும் ஓர் ஆள் வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டார். பேசாமல் இருப்பது ஒரு வேலைக்குத் தகுதி என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. முதல் நாள் அக்கா என்னைப் பார்த்து, "இந்தப் பிள்ளை கதைக்காதோ?" என்று சாரிடம் கேட்டார். "பேசும்க்கா, கொஞ்சம் டைம் ஆகும்," என்றார் சார். "பரவாயில்லை. நான் ரெண்டு பேற்றை பங்கையும் கதைக்கிறன்," என்றார் அக்கா. அப்படித்தான் நடந்தது.

அக்கா பின்லாந்துக்குப் போனதே இல்லை. யாழ்ப்பாணத்தில் அவர் படித்த காலத்தில் போரால் ஊருக்கே மின்சாரம் கிடையாது. உயர்தரப் பரீட்சை வரை விளக்கில்தான் படித்தாராம். "கரண்டே இல்லாத இடத்திலையிருந்து வந்தவளிட்டைக் கரண்டின்ரை எதிர்காலத்தைக் கேக்கினம். உலகம் நல்லாத்தான் சுத்துது," என்பார். இங்கே வந்த பிறகு, மின்தடை என்றால் ஜனங்கள் கூப்பிடும் தொலைபேசி நிலையம் ஒன்றில் எட்டு வருடம் வேலை செய்தார். அவர் எழுத்தைப் பழக்கியது அந்த வேலைதான் என்று நினைக்கிறேன். "எட்டு வருசத்திலை ஒருத்தரும் என்னட்டை எதிர்காலம் எப்பிடி எண்டு கேக்கேல்லை. எத்தினை மணிக்குக் கரண்ட் வரும் எண்டுதான் கேட்டவை," என்று சொல்வார். செந்தில் சார் அறிக்கையில் "எதிர்காலத்தில்" என்று எழுதினால் பச்சைக் கோடு உடனே அங்கே வந்து நிற்கும். "எதிர்காலம் எண்டு எழுதாதையுங்கோ செந்தில். எந்த மணித்தியாலம் எண்டு எழுதுங்கோ."

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. அங்கே கடுங்குளிர் இறங்கும் நாட்களில் இங்கே நமக்குப் பிப்ரவரி வெயில். ஒனிஹங்கா முழுக்கக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வியர்க்கும். அக்கா அன்று கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு வருவார். காதை மூடும் தொப்பி, உச்சியில் ஒரு பந்து. மின்விசிறிக்குக் கீழே அதைப் போட்டுக்கொண்டு, கீழே, இங்கே டெய்ரி என்று சொல்லும் மூலைக்கடையில் வாங்கிய குச்சி ஐஸைச் சப்பியபடி எழுதுவார். டெய்ரிக்காரர் ஒருநாள் படியேறி வந்து, அவருக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டார். அக்கா உள்ளிருந்தே, "எனக்கு ஒண்டுமில்லை எண்டு சொல்லு பிள்ளை. பின்லாந்துக்குத்தான் குளிர்," என்றார். குளிரை நினைக்காமல் சுகமாக உட்கார்ந்து எழுதினால் அங்கே நடுங்குகிறவருக்கு அது தெரிந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை.

அந்தக் குளிர்தான் அவர் அறிக்கைகளின் நடுப்பொருளும். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். பின்லாந்தில் மின்சாரத்துக்குக் குறைவில்லை. பெரிய அணு உலைகள் இருக்கின்றன. வடக்கே ஆறுகள் இருக்கின்றன. மரக்கழிவை எரிக்கும் நிலையங்கள் இருக்கின்றன. மேற்குக் கரையெங்கும் காற்றாலைகள் முளைத்துவிட்டன. நிலக்கரியை ஏறக்குறைய மூடிவிட்டார்கள். காற்று நன்றாக அடிக்கும் நாளில் விலை பூஜ்யத்துக்கும் கீழே போகும். மின்சாரத்தை எடுத்துக்கொள்ள ஆளில்லாமல் நகரங்கள் பெரிய கொதிகலன்களில் தண்ணீரைச் சூடாக்கிச் சேமிக்கும். சிக்கல் வருவது ஜனவரியிலோ பிப்ரவரியிலோ, குளிர் மிக மோசமாகும் ஒரு வாரத்தில். அந்த வாரத்தில்தான் பெரும்பாலும் காற்றும் நின்றுவிடும். எல்லா வீடுகளும் சூடு கேட்கும், காற்றாலைகள் அசையாமல் நிற்கும். அக்கா இதை ஒரே வரியில் சொல்வார்: "வருசத்துக்குப் பாத்தால் கரண்ட் கிடந்து அழியுது. ஒரு கிழமைக்குத்தான் இல்லை. அந்த ஒரு கிழமைதான் எங்கடை அறிக்கை."

இதில் அவருக்கும் செந்தில் சாருக்கும் தினமும் சண்டை. சார் அணு உலைக் கட்சி. ஒருநாள், "காத்த நம்பி ஒரு நாடு எப்படிக்கா இருக்கும்? உலைன்னா கல்லு மாதிரி நிக்கும்," என்றார்.

"நிக்கும். பழுதாப்போனாலும் கல்லு மாதிரித்தான் நிக்கும்," என்றார் அக்கா. "ஒரு வீட்டிலை ஒராள்தான் சமைக்கிறதெண்டு வையுங்கோ. அந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்தால் மிச்சப் பேர் என்ன செய்யிறது?"

"உங்க காத்து மட்டும் என்ன, சொல்லிட்டா வருது?"

"வராது. அது சம்பளத்துக்கு வேலை செய்யிற ஆள் இல்லை. சொல்லிப்போட்டு வந்தா உங்களுக்கும் எனக்கும் என்ன வேலை, செந்தில்? ரெண்டு பேரும் ஒனிஹங்காவிலை மீன் பிடிக்க வேண்டியதுதான்."

சார் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். திரைக்குப் பின்னால் தலையை வைத்துக்கொண்டு சிரித்ததால் தெரிந்திருக்காது என்று நினைத்தேன். "அங்கை மஞ்சள் கோடு குலுங்குது," என்றார் அக்கா.

தினக் குறிப்பின் கடைசி வரி எப்போதும் வீட்டில் இருப்பவர்களுக்கு. அதை அக்காவைத் தவிர யாரும் எழுதக் கூடாது. அந்த நாட்டில் பெரும்பாலான வீடுகளில் சூட்டுக் குளியலுக்கென்று ஓர் அறை உண்டு. சௌனா என்பார்கள். அதன் அடுப்பு மின்சாரத்தைக் குடிக்கும், அதுவும் எல்லா வீட்டிலும் ஒரே மாலையில். "இன்று ஏழு மணிக்குப் போட வேண்டிய சௌனாவை ஒன்பதுக்குப் போடுங்கள். மாமியார் வருகிறார் என்றால் ஏழுக்கே போடுங்கள்." இப்படி ஏதாவது இருக்கும். மாமியார் வரியை ஹெல்சிங்கியில் வெட்டிவிடுவார்கள் என்று சார் சொன்னார். வெட்டவில்லை. அதற்குப் பிறகு அந்த நிறுவனத்தின் ரீத்தா என்ற அம்மையார், தம் மாமியாரும் இதைப் படிக்கிறார், கொஞ்சம் பார்த்து எழுதவும் என்று பதில் போட்டார். எங்கள் அறிக்கைகளைப் படித்து ஏற்பதும் திருப்பி அனுப்புவதும் அவர்தான். எங்கள் ஒப்பந்தத்தை ஆண்டுதோறும் புதுப்பிப்பதும் அவர்தான்.

இனி, நீங்கள் எல்லோரும் கேட்டுச் சிரித்த அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

சென்ற அக்டோபரில் ஆண்டு அறிக்கை தயாரானது. அதில் கூரைகளில் வைக்கும் சூரியப் பலகைகளைப் பற்றி ஒரு பகுதி இருந்தது. பின்லாந்தில் கோடையில் பகல் நீளம். பலகைகள் பெருகினால் கோடை நடுப்பகலில் மின்விலை சரியும், குளிர்காலத்துக்கு அவற்றால் பெரிய உதவி இருக்காது என்று அக்கா எழுதியிருந்தார். "தெற்கு நோக்கிய கூரைகள்" என்று இருந்தது. கடைசியாகப் பிழை பார்த்த நான் அங்கே நின்றேன். தகனினியில் எங்கள் வீட்டுக் கூரையில் பலகைகள் வடக்கு நோக்கி இருக்கின்றன. எங்கள் தெருவிலும் அப்படித்தான். வெயில் வருவது வடக்கிலிருந்துதான், துணி காயப்போடுவதும் அந்தப் பக்கம்தான். அக்கா திசையை மாற்றி எழுதிவிட்டார் என்று நினைத்தேன். பூமியின் மேல் பாதியில் அது தலைகீழ் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அக்கா ஆறடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். கேட்டிருக்கலாம். அவர் பிழையை அவரிடமே சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. சத்தமில்லாமல் திருத்திவிட்டால் நல்லது என்று, "தெற்கு" என்ற சொல்லைத் தேடி "வடக்கு" என்று போட்டேன். ஓர் இடத்தில் மட்டும் மாற்றுவதாக நினைத்து, எல்லா இடங்களிலும் மாற்றும் பொத்தானை அழுத்திவிட்டேன். அதைக் கவனிக்காமல் அறிக்கையை அனுப்பியும் விட்டேன். பின்லாந்தின் பெரிய நகரங்களும் ஆலைகளும் நாட்டின் தெற்கில் இருக்கின்றன. அன்று அவையெல்லாம் ஒரு நொடியில் கலைமான்கள் மேயும் வடக்குக்குக் குடிபோய்விட்டன. காற்றாலை மின்சாரம் வடக்கிலிருந்து புறப்பட்டு வடக்குக்கே போய்ச் சேர்ந்தது.

மறுநாள் மாலை ஆறு மணிக்கு ரீத்தா தொலைபேசியில் வந்தார். அங்கே காலை எட்டு. செந்தில் சார் எல்லோரும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார். ரீத்தா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. தங்கள் நாட்டின் சூரியனைக் கண்ணால் பார்க்காதவர்களிடம் இந்த வேலையைக் கொடுத்தது சரியா என்று மேலிடத்தில் கேட்கிறார்கள் என்றார். அடுத்த ஆண்டுக்கு இதை ஒரு மென்பொருளிடம் கொடுத்துவிடலாம் என்ற பேச்சும் இருக்கிறது என்றார். பிறகு, "இதைத் திருத்தியது யார்? யாராக இருந்தாலும் அவர் இனி எங்கள் கோப்புகளைத் தொட வேண்டாம்," என்றார்.

என் கை மேசைக்குக் கீழே இருந்தது. வாய் திறக்கவில்லை. சார் எங்கள் இருவரையும் பார்த்தார்.

"நான்தான், ரீத்தா," என்றார் அக்கா.

அக்கா நிதானமான ஆங்கிலத்தில் தொடர்ந்தார். ஆனாலும் அந்த வரி முழுப் பிழை இல்லை என்றார். நாட்டின் வடகோடியான லாப்லாந்தில் ஜூன் மாத நடுவில் சூரியன் மறைவதில்லை, நள்ளிரவில் அது நேர் வடக்கில் நிற்கிறது, ஆகவே ஜூன் மாதத்தில் நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு நாங்கள் எழுதியது சரி, மற்ற மணிகளுக்கு மட்டும் தெற்கு என்று மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். ரீத்தா முதலில் மூச்சு விட்டார். பிறகு சிரித்தார். சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. திருத்திய அறிக்கை ஒரு மணி நேரத்தில் வர வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த மாதக் கடைசியில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது.

அன்று அக்கா என்னோடு ரயில் நிலையம் வரை நடந்து வந்தார். நான் அழுதுகொண்டே நடந்தேன். அவர் மீன்கடைக் கண்ணாடியில் எழுதியிருந்த விலைகளைப் படித்துக்கொண்டு வந்தார்.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"நான் எண்டு சொன்னால் சிரிப்பினம். நீ எண்டு சொன்னால் ஆளை மாத்தச் சொல்லுவினம். இது சின்னக் கணக்கு."

"சாரி அக்கா."

"சாரியை விடு. என்னட்டைக் கேட்டிருக்கலாமே பிள்ளை. நான் என்ன கடிக்கிறனானோ?" என்றார். ரயில் வந்தபோது, "செந்தில் சொல்லாட்டியும் நானே உன்னைக் கேட்டிருப்பன் இந்த வேலைக்கு. பிழை விடுறதுக்கும் ஒரு துணிவு வேணும். முழு நாட்டையும் தூக்கி வடக்கை வச்சிருக்கிறாய்," என்று சொல்லித் தானே சிரித்தார். எனக்கும் அழுகையோடு சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒருநாளும் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. செந்தில் சார் மட்டும் எல்லோரிடமும் பேசினார். அக்கா சூரியனை வடக்கே வைத்த கதை என்று, கேட்டவர்களிடமெல்லாம், கேட்காதவர்களிடமும். அக்கா பக்கத்தில் இருந்தால் குனிந்து தேநீரைக் குடிப்பார்.

அக்கா இறந்த முப்பத்தோராம் நாள் சடங்கான வீட்டுக்கிருத்தியத்துக்கு லின்ஃபீல்டுக்கு வந்திருந்தவர்களுக்கு மீதி தெரியும். சாப்பாடு முடிந்து எல்லோரும் அக்காவைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். தொப்பிக் கதை வந்தது. மாமியார் கதை வந்தது. செந்தில் சார் வடக்குக் கூரைக் கதையைச் சொன்னார். கூடம் முழுக்கச் சிரித்தது. அக்காவின் கணவரும் சிரித்தார். சிரித்து முடித்தபின், "எனக்கு இதைச் சொல்லேல்லையே," என்றார். "தன்ரை பிழை எண்டால் வந்து செருப்புக் கழட்ட முதல் எனக்குச் சொல்லிப்போடுவாள். இதை ஏன் சொல்லேல்லை?" அவர் யாரையும் குறிப்பாகக் கேட்கவில்லை. நான் கையில் வடையோடு சமையலறை வாசலில் நின்றிருந்தேன். அந்த வடையை அப்படியே கொண்டுபோய் ரயிலில் வைத்துத்தான் தின்றேன்.

இந்த வாரம் ரீத்தாவிடமிருந்து ஒரு பக்கம் வந்தது. எங்கள் ஆண்டு அறிக்கையை முதல் முறையாகப் புத்தகமாக அச்சிடப் போகிறார்கள். முதல் பக்கத்தில் அக்காவின் நினைவாகச் சில வரிகள். அவர்கள் நாட்டின் அந்தக் குளிர் வாரத்தை அவரளவுக்கு யாரும் புரிந்துகொண்டதில்லை என்று ரீத்தா எழுதியிருந்தார். நல்ல வரிகள். நடுவில், "ஒருமுறை சியாமளா எங்கள் சூரியனை வடக்கே வைத்துவிட்டார்," என்று தொடங்கி அந்தக் கதை, நள்ளிரவுப் பதிலோடு. வெள்ளிக்கிழமைக்குள் பிழை பார்த்து அனுப்பவும் என்று கேட்டிருந்தார். சார் அதை என்னிடம் தந்தார். பிழை பார்ப்பது என் வேலை.

மூன்று நாள் அந்தப் பக்கம் என் மேசையில் கிடந்தது. ஆயிரம் பேர் படித்துவிட்டுச் சிரிப்பார்கள், அன்போடுதான் சிரிப்பார்கள். அதில் அக்காவுக்கு என்ன குறை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆனால் அக்கா திசையில் தவறியதே இல்லை. போகாத ஒரு நாட்டில் எந்த ஆறு எங்கே திரும்புகிறது, எந்த ஊரில் காற்று முதலில் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். அவர் செய்யாத ஒரே பிழையை அவர் பெயரில் அச்சடித்து வைப்பது சரியில்லை. அதைச் சொன்னால் ரீத்தா அன்று சொன்னதையே இன்றும் சொல்லலாம். யாராக இருந்தாலும் கோப்பைத் தொட வேண்டாம் என்று. கோப்பைத் தொடாமல் அந்த அறையில் எனக்கு வேறு வேலை இல்லை. எனக்குப் பழகிய வேறு அறையும் இல்லை.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது எது என்று யாராவது கேட்டால், அது ஒரு பொருள் இல்லை. வாயைத் திறந்து கேட்பது. சந்தேகம் வந்தால் இப்போது நான் எழுந்து போய்க் கேட்கிறேன். சத்தமாகக் கேட்கிறேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கேட்கிறேன். போன வாரம் ஒரே நாளில் நாலு தடவை கேட்டேன். நாலாவது தடவை செந்தில் சார், "அக்கா ஆவி வந்துருச்சா?" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு அவர் மேசைக்குப் போனேன்.

"சார், இதுல ஒரு தப்பு இருக்கு."

"எங்க?"

"அது அக்கா இல்ல சார். நான்."

அவர் பக்கத்தை மறுபடி படித்தார். "வடக்கா?"

"ஆமா சார். அன்னிக்கு அக்கா எனக்காகச் சொன்னாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எட்டு மாசமா அந்தக் கதைய ஊர் பூரா சொல்லியிருக்கேன். அவங்க முன்னாடியே சொல்லியிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லலியே," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ரீத்தா என்ன சொல்வாங்கன்னு தெரியும்ல?" என்றார்.

"தெரியும் சார்."

"யோசிச்சுட்டியா?"

"மூணு நாளா."

அவர் பக்கத்தைத் திருப்பித் தந்தார். "அப்ப திருத்து. ஆனா அந்த நள்ளிரவுப் பதிலத் தொட்டுறாத. அது அக்காதான்."

என் இடத்துக்கு வந்து கோப்பைத் திறந்தேன். ஒரு வரியை மட்டும் மாற்றினேன். "ஒருமுறை பவித்ரா எங்கள் சூரியனை வடக்கே வைத்துவிட்டாள். அது சரியாக இருக்கும் ஒரு மணியைச் சியாமளா கண்டுபிடித்துக் கொடுத்தார்." இரண்டு முறை படித்துப் பார்த்தேன். திசைகள் சரியாக இருந்தன. அனுப்பினேன்.